வெற்றுத் திரையிடம் பேசிய கைகள்

இந்த மாலை அவைக்குத் தலைமை தாங்கி, எங்கள் கணினி வகுப்புக்கு இடமும் கொடுத்து, இன்றைக்கு எனக்குத் துணிச்சலும் கொடுத்து அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே! பகலெல்லாம் பேருந்தின் சக்கரத்தைப் பிடித்த கையால் மாலையில் மவுசைப் பிடிக்கப் பழகிய ஓட்டுநர் ஐயா அவர்களே! மாவு ஒட்டிய விரல்களைக் கழுவித் துடைத்து, மறுபடியும் கழுவித் துடைத்து, அதன் பிறகே விசைப்பலகையைத் தொடும் ரொட்டிக்கடை அண்ணன் அவர்களே! அடுப்பை அணைத்த கையோடு, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உட்கார இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்கும் பெரியவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், மேடையோரம் நிற்கும் தன் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் இஸ்திரி அண்ணன் அவர்களே! நான் வாயால் சொல்வதையெல்லாம் அவருக்குக் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் கடை அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என்ன? பின்னாடி கேக்கலையா? மன்னிச்சுக்குங்க. மைக்குக்குக் கிட்ட வரேன். இப்ப கேக்குதா? சரி.

என் குரல் இவ்வளவுதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். ஏறியபின் அங்கே வாயைத் திறக்கத் தெரியாமல் நின்றவளும் நானேதான். ஆகவே இன்று என்னைப் பற்றிப் பேசப்போவதில்லை. டெஸ்க்டாப்பைப் பற்றியும் டாஸ்க்பாரைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதமாக அதைத்தானே இந்த நூலகத்தின் பின்னறையில் சொல்லிக்கொடுக்கிறோம்? அதையே பேசுகிறேன்.

டெஸ்க்டாப் என்றால் என்ன? கணினியை இயக்கியதும் நம் கண்முன் விரிகிறதே ஒரு திரை, அது. வேலை தொடங்குவதற்கு முன் நம்மை வரவேற்கும் வாசல் அது. அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு கதவு. டாஸ்க்பார் என்றால் என்ன? அந்தத் திரையின் அடிவிளிம்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீண்டு கிடக்கிறதே ஒரு பட்டை, அது. இடக்கோடியில் தொடங்கும் பொத்தான். வலக்கோடியில் கடிகாரம். நடுவில், நாம் திறந்து வைத்திருக்கும் வேலைகள் எல்லாம் வரிசையாக வந்து உட்காரும் இடம். கடிகாரத்தையும் தாண்டி, ஓரத்தின் ஓரத்தில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு மெல்லிய கோடு. அதை அழுத்தினால் போதும்; திறந்து கிடப்பதெல்லாம் சட்டென்று கீழே இறங்கிவிடும். திரை துடைத்து வைத்தது போல ஆகிவிடும்.

முதல் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட முணுமுணுத்தேன் என்பதே உண்மை. "இதுக்குப் பேரு டெஸ்க்டாப். மேசையோட மேல்பக்கம்னு அர்த்தம்" என்றேன்.

ரொட்டிக்கடை அண்ணன் கை தூக்கினார். "டீச்சர், மேசைன்னா காலு இருக்கணுமே?"

ஓட்டுநர் ஐயா திரும்பிப் பார்த்தார். "காலு உனக்கு இருக்குல்ல? அதை நீட்டாம ஒழுங்கா உக்காரு. என் முட்டியில இடிக்குது."

சிரிக்கிறீங்க. அன்னைக்கும் இப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்க. ஒருவரைத் தவிர.

இஸ்திரி அண்ணன் சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. அக்கா தன் கைகளால் அந்தச் சிரிப்பை அவருக்கு எடுத்துச் சொல்லி முடிக்கும்போது மற்றவர்கள் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். அதன் பிறகு அவர் மட்டும் தனியாகச் சிரித்தார். அன்பர்களே, ஓர் அறையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பது எப்படி இருக்கும் என்று என்றாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா? நான் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.

இவர்கள் இருவரையும் தெரியாதவர்கள் இந்தத் தெருவில் குறைவு. தெருமுனைச் சலவைக்கடையில் முன்னால் நின்று துணியை வாங்குபவர் அக்கா. பின்னால் நின்று தேய்ப்பவர் தம்பி. சூடான பெட்டி கையில் இருக்கும்வரை அவருக்குப் பேச்சு இல்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தால்தான் பேச்சு. வாடிக்கையாளர் சொல்வதை அக்கா கையால் சொல்வார். தம்பி கையால் சொல்வதை அக்கா வாயால் சொல்வார். அக்காவின் மொழிபெயர்ப்பு இருக்கிறதே, அது தனிக்கலை!

ஒருநாள் நானே கடையில் நின்றிருந்தேன். ஒருவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தினார். "கண்ணு தெரியாதா அந்த ஆளுக்கு? காலரைப் பாருங்க! இதுக்கு நானே வீட்டுல தேய்ச்சிருப்பேன்!"

அக்கா தம்பியின் பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தார். தம்பி நெஞ்சில் கை வைத்து, அந்த மனிதருக்கு மலர்ந்து வணக்கம் சொன்னார்.

"என்னக்கா சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"மத்த எடமெல்லாம் நல்லா வந்திருக்குன்னு சொல்றாரு, காலரை மட்டும் கொஞ்சம் பாத்துக்கன்னேன்."

"அவர் அப்படியா சொன்னாரு?"

"அப்படித்தான் சொல்லியிருக்கணும். அவருக்குச் சொல்லத் தெரியல. நான் சொல்லிட்டேன்."

அக்கா, இப்ப நான் சொல்றதையும் கொஞ்சம் சீர்பண்ணித்தான் சொல்றீங்களோ? இல்லையா? அண்ணன் தலையாட்டுறாரு, நம்புறேன்.

அவையோரே, அன்புதான் அக்காவை அப்படிச் செய்ய வைத்தது. தம்பியின் மேல் எந்தச் சொல்லும் சுட்டுவிடக் கூடாது என்ற அன்பு. ஆனால் அந்த அன்பே ஒருமுறை ஒரு வீட்டை இரண்டாக்கிவிட்டது. இதைச் சொல்ல அக்காவும் சம்மதித்தார், அண்ணனும் சம்மதித்தார். ஆகவே சொல்கிறேன்.

அண்ணனுக்கு ஒரே மகள். தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தவர்கள் இவர்கள் இருவரும்தான். மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அவள் வாய் பேசும் முன்பே கை பேசியது. கடைக்கு வெளியே அப்பாவுக்கு எல்லாமே அவள்தான். மருத்துவர் சொல்வதை அப்பாவுக்குச் சொன்னவள் அவள். வீட்டுக்காரர் கேட்டதை அப்பாவுக்குச் சொன்னவள் அவள். பள்ளியில் வகுப்பாசிரியை, "உங்க பொண்ணு ஓயாம பேசுறா" என்று அப்பாவிடம் முறையிட்டபோது, "நான் ரொம்பக் கெட்டிக்காரியாம்ப்பா" என்று மொழிபெயர்த்தவளும் அவளேதான். அத்தையின் கைவண்ணம் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது!

வளர்ந்தாள். செவிலியர் படிப்பு முடித்தாள். தொலைதூர நகரத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே தன்னோடு வேலை செய்பவரை விரும்பினாள். அப்பாவும் அத்தையும் மனமாரச் சரி என்றார்கள். அந்த நகரத்திலேயே திருமணம். எல்லோரும் போனார்கள். அப்பா மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை? அக்கா கேட்டபோது அண்ணன் கைகளால் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "வேணாம்." அக்கா கெஞ்சினார். "வேணாம்." அக்கா அழுதார். "வேணாம்." அதற்குமேல் அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையிலெடுத்துவிட்டார். பெட்டி கையில் இருந்தால் பேச்சு இல்லையே!

மண்டபத்தில் மணப்பெண் கேட்டாள். "அத்தை, அப்பா எங்கே?"

இந்த "வேணாம்" என்பதை ஒரு மணப்பெண்ணிடம் எப்படி மொழிபெயர்ப்பது? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், தாய்மார்களே? அக்கா சொன்னார்: "அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல்மா. எழுந்திருக்கவே முடியல."

பிறகு ஒருநாள், கடைக்குப் பக்கத்தில் இருக்கும் தையல்காரர் மகளிடம் போனில் பேசும்போது வாய் தவறிவிட்டார். "காய்ச்சலா? அன்னைக்கு உங்கப்பா கடையிலதானேம்மா நின்னு தேய்ச்சுக்கிட்டிருந்தாரு."

அவ்வளவுதான். மகள் அதை அத்தையிடம் சண்டையாகக் கேட்கவில்லை. சத்தமாகக் கேட்கவில்லை. பேச்சு குறைந்தது. வருகை நின்றது. "நல்லா இருக்கேன் அத்தை, நீங்க நல்லா இருக்கீங்களா" என்பதோடு போன் முடிந்தது. "ஒரு தடவை வந்துட்டுப் போயேன்மா" என்றால், "இப்ப வர முடியாது அத்தை" என்பாள். காரணம் சொல்லமாட்டாள். அப்பா கேட்டால் அக்கா கைகளால் சொல்வார்: "உன்னை ரொம்ப விசாரிச்சா." மகள் கேட்டால், "அப்பா உன்னையே நினைச்சுக்கிட்டிருக்காரு" என்பார். இரண்டு பக்கமும் பூச்செண்டு கொடுத்துக்கொண்டிருந்தார் அக்கா. இரண்டு பக்கமும் அந்தப் பூ காகிதம் என்று தெரிந்துவிட்டிருந்தது.

கடைசியில் மகள் சொன்னாள்: "அத்தை, நீங்க சொல்ற அப்பா எனக்கு இனிமே வேணாம். நிஜ அப்பாகிட்ட நான் பேசணும். அவர் கையை நான் பார்க்கணும். என் கையை அவர் பார்க்கணும். போனைச் சாய்ச்சு வச்சா பாதிக் கை தெரியாது; அது வேணாம். பெரிய திரையில, முழுசா. நீங்க பக்கத்துல இருக்கக் கூடாது. இதுவும் முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாருன்னா, அதோட விட்டுடுவோம் அத்தை. நானும் இனி போன் பண்ணமாட்டேன்."

இந்த ஒரு பேச்சை அக்கா ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தம்பியிடம் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக! மறுநாள் மாலை இரண்டு பேரும் எங்கள் வகுப்பின் வாசலில் நின்றார்கள். அவர் கணினி கற்க வந்தது பொழுதுபோக்கவா? சான்றிதழ் வாங்கவா? இல்லை, பெருமக்களே. தன் மகளிடம் தானே பேச வந்தார்.

அவர் கற்ற விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். டெஸ்க்டாப்புக்கு அவரிடம் சைகை இல்லை. அவரே ஒன்று செய்துகொண்டார்: உள்ளங்கையால் காற்றில் ஒரு மேசையைத் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று கடைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு துணிக்கு முன்னாலும் அவர் மேசையை வெறுமையாக்குவார். ஒரு பொத்தான்கூட, ஒரு நூல்கூட அங்கே கிடக்கக் கூடாது. அக்கா சலித்துக்கொள்வார்: "கைக்குட்டை தேய்க்கிறதா இருந்தாலும் துடைப்பான். பட்டுத்துணி மாதிரி பயமான துணி வந்துட்டா துடைச்சதையே துடைப்பான்."

ஆகவே அந்த ஓரத்துக் கோடு இருக்கிறதே, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் திரையைத் துடைக்கும் அந்தப் பொத்தான், அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை! புதிதாக ஒன்று தொடங்க வேண்டுமா? அங்கே ஒரு தட்டு. குழப்பமா? அங்கே ஒரு தட்டு. "அண்ணன் யோசிக்க ஆரம்பிச்சா திரை காலி!" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"அண்ணே, திறந்து வச்சிருந்ததெல்லாம் எங்கே போச்சு?" என்று அக்கா வழியாகக் கேட்டேன். அவர் கைகளால் பதில் சொன்னார்: தேய்த்த துணியை மடித்து, கட்டி, வாசல் பக்கம் நீட்டினார். டெலிவரி ஆகிவிட்டதாம்! இறங்கியது எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திறப்பார். "போகலண்ணே, கீழ டாஸ்க்பார்ல இருக்கு. அடியில கோடு போட்டிருக்கு பாருங்க, அது திறந்துதான் இருக்குன்னு அர்த்தம்" என்று விளக்கினேன். தலையாட்டினார். தலையாட்டுவது வகுப்பறையின் பொதுமொழி அல்லவா? புரிந்தாலும் ஆட்டுவோம், புரியாவிட்டாலும் ஆட்டுவோம்.

வந்தது, மகளை அழைக்கக் குறித்திருந்த அந்த ஞாயிறு.

நூலகர் அம்மா அன்று விடுமுறையிலும் எங்களுக்காகப் பின்னறையைத் திறந்துவிட்டார். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த மடிப்பைத் தொட்டால் விரல் அறுபடும்! அக்கா முன்னறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், என் மேசையில். அவர் தானே கணினியை இயக்கினார். தானே படத்தைத் தட்டினார். தானே அழைத்தார். திரை முழுவதும் ஒரு பெண்ணின் முகம் வந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாலு கைகளும் மடியில் கிடந்தன. பிறகு மகளின் கை மெல்ல எழுந்தது. அப்பாவின் கை எழுந்தது. சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று வழக்கமான விசாரிப்புகள். நானும் கொஞ்சம் சைகை கற்றிருந்தேன். அந்த அளவுக்குப் புரிந்தது. மேற்கொண்டு பார்ப்பது முறையல்ல என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அப்போது மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "ஏம்ப்பா வரல?"

அவையோரே, அந்த மனிதர் வாழ்நாளில் சந்தித்த மிகக் கடினமான துணி அது! அவர் கை என்ன செய்தது தெரியுமா? எந்தக் கை காலமெல்லாம் கடினமான துணிக்கு முன் மேசையைத் துடைத்ததோ, அந்தக் கை, அவரைக் கேட்காமலே மவுசுக்குப் போனது. ஓரத்தின் ஓரத்துக்குப் போனது. தட்டியது.

திரை துடைக்கப்பட்டது. மகள் இல்லை! வெறும் நீலம். சின்னச் சின்னப் படங்கள். எங்கே போனாள்? ஏன் போனாள்? பதில் சொல்வதற்குள் போய்விட்டாளா? கோபத்தில் தானே துண்டித்துக்கொண்டாளா? காது கேட்கும் நமக்கென்றால் குரலாவது வந்திருக்கும். அவருக்கு முகம் போனால் எல்லாமே போனது.

ஆனால் என் காதுக்குக் கேட்டது. அந்தக் காலியான திரையிலிருந்து, கணினியின் சின்ன ஒலிபெருக்கி வழியாக, கண்ணாடியையும் தாண்டி ஒரு குரல். "அப்பா! அப்பா! அப்பா!" மகளின் திரையில் அப்பா அப்படியே இருக்கிறார். கேமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அவள் கைகளை வீசி வீசி அழைத்திருக்கிறாள், அவர் பார்க்கவில்லை. பதற்றத்தில், கேட்காத காதுகளுக்கு வாயாலேயே கத்திவிட்டாள்.

நான் எழுந்து ஓடினேன். அக்காவும் செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கதவில் கை வைத்தேன். அதே நொடியில் அந்தக் குரல் நின்றது.

ஏன் நின்றது? உள்ளே அண்ணனின் கைகள் எழுந்திருந்தன.

தனியாக இருக்கிறோம் என்று நினைத்து, போய்விட்டாள் என்று நினைத்து, அந்த வெற்றுத் திரையைப் பார்த்து அவர் பேசத் தொடங்கியிருந்தார். கேட்டவளுக்குச் சொல்ல முடியாத பதிலை, கேட்க யாருமில்லை என்று நம்பிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"உள்ள போகட்டுமாக்கா?" என்றேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் டீச்சர். பேசி முடிக்கட்டும். இதுவரைக்கும் இப்படிப் பேசி நானே பார்த்ததில்ல."

"என்னக்கா சொல்றாரு?"

வாழ்நாளெல்லாம் அந்தக் கைகளை ஊருக்கு மொழிபெயர்த்த அக்கா, அவற்றை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"அது எனக்குச் சொன்னது இல்ல, டீச்சர்."

அவர் என்ன சொன்னார் என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவரே வகுப்பில் எழுந்து நின்று சொன்னார். அக்கா ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் குரல் கொடுத்தார். அதை அப்படியே சொல்கிறேன்.

"அந்த மண்டபத்துல எல்லாரும் வாயால பேசுவாங்க. நான் தூண் மாதிரி உக்கார்ந்திருப்பேன். நீ சும்மா இருக்கமாட்ட. உன் புருஷனைப் பார்க்கமாட்ட, கேமராவைப் பார்க்கமாட்ட, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருப்ப. வர்றவங்க சொல்றதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கிட்டே இருப்ப. சின்னப் பிள்ளையிலேர்ந்து எனக்காகப் பேசிப் பேசியே உன் கை ஓஞ்சுபோச்சு. அன்னைக்கு ஒரு நாளாச்சும் நீ யாருக்காகவும் பேசாம, கல்யாணப் பொண்ணா மட்டும் இருக்கணும்னு நினைச்சேன். நீ போட்டிருந்த துணியை நான்தான் தேய்ச்சு அனுப்பினேன். அதுல எங்கயாச்சும் ஒரு சுருக்கம் இருந்துச்சா? அதைக்கூட உங்கிட்ட கேக்க முடியாமப் போச்சு."

அந்த ஞாயிறு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கைகள் நின்றன. முகத்தை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். தோளைத் தொட்டேன். வாயால் சொல்லிப் பயனில்லை. எனக்குத் தெரிந்த சைகையும் அந்த நேரம் மறந்துபோனது. அவர் விரலைப் பிடித்துத் திரையின் அடியில், டாஸ்க்பாரில், கோடு போட்டிருந்த அந்தச் சின்னத்தின் மேல் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தட்டினார்.

மகள் அங்கேயே இருந்தாள்! கன்னமெல்லாம் கண்ணீர். வைத்த கண் வாங்காமல், அசையாமல் இருந்திருக்கிறாள். இரண்டு கைகளும் ஒரே சைகையைத் திரும்பத் திரும்பச் செய்தன. அது எனக்கே புரிந்தது. "பார்த்தேன்ப்பா. பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன்." பிறகு, "ஒரு சுருக்கம்கூட இல்லப்பா."

அதன் பிறகு அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றாள். எழுந்து நின்று, தன் வயிற்றின் மேல் கை வைத்துக் காட்டினாள். ஏன் ஊருக்கு வர முடியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அத்தையிடம் சொன்னால், அத்தை அதைத் தன் கைகளால் அப்பாவிடம் சொல்லிவிடுவார். இதைத் தன் கையால்தான் சொல்ல வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தாளாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "என்னாச்சு, என்னாச்சு?" என்று அக்கா என்னைப் பிடித்து உலுக்கினார். "உங்க தம்பி வந்து சொல்லுவாருக்கா" என்றேன். அக்கா என்னைத் திட்டிய திட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது!

கைதட்டுறீங்க. கொஞ்சம் பொறுங்க, முடிச்சிடுறேன்.

நூலகர் அம்மா பிறகு அண்ணனிடம் கேட்டார்: "மக பார்த்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சிருந்தா அதையெல்லாம் சொல்லியிருப்பீங்களா?" அவர் பட்டென்று சொன்னார்: "மாட்டேன்."

அன்புள்ளவர்களே, இந்த "மாட்டேன்" என் தூக்கத்தைக் கெடுத்தது. நம்மில் எத்தனை பேர், இருக்கிறவர்களிடம் சொல்ல முடியாததை வெற்றுச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? அண்ணனிடம் பேசாத தம்பி இந்த அவையில் இல்லையா? தாயிடம் பேசாத மகள் இல்லையா? கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காகப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினோமே, ஒருமுறை குனிந்து பார்த்தோமா? அவர்கள் துண்டித்துக்கொண்டு போனார்களா, அல்லது நாமே அவர்களைத் தட்டி இறக்கிவிட்டோமா? அந்தப் பக்கம் ஒருவர் நம் முகத்தைப் பார்த்தபடி, நம் பெயரைக் கூப்பிட்டபடி, இன்னும் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்கலாம் என்ற எண்ணம் ஒன்று போதாதா, ஒரு தட்டு தட்டிப் பார்க்க? கணினிக்குச் சூதுவாது தெரியாது. திறந்து வைத்ததை அது திறந்தே வைத்திருக்கும். மனிதர்களும் அநேகமாக அப்படித்தான் என்று நான் நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். மகளுக்கு இது நிறைமாதம். இஸ்திரி அண்ணன் நாளைக் காலைப் பேருந்தில் அங்கே போகிறார். சீட்டை எங்கள் கணினியில் அவரே எடுத்தார். அக்கா போகவில்லை, கடையைப் பார்த்துக்கொள்கிறார். "அப்ப அங்க ஆஸ்பத்திரியில உங்களுக்கு யாருண்ணே பேசுவா?" என்று ரொட்டிக்கடை அண்ணன் கேட்டார். இவர் தன் நெஞ்சில் விரலை வைத்தார். "நான்."

அந்தப் பேருந்தில் பயணம் செய்யப்போகிற யாராவது இங்கே இருந்தால், உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஜன்னலோரம், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் இருப்பார். மடியில் ஒரு பை இருக்கும். அதற்குள் சின்னஞ்சிறு துணிகள், ஒவ்வொன்றும் அவர் கையால் தேய்த்தவை. அவருக்குப் பக்கத்து இருக்கை உங்களுக்குக் கிடைத்தால், போனை உள்ளே வையுங்கள். அந்தத் துணி யாருக்கு என்று ஒரு புருவத்தை உயர்த்திக் கேளுங்கள். வழியெல்லாம் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். அவர் கையைப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் எல்லாம் விளங்கும்.

நடுங்கிய குரலுக்கு நேரம் தந்த தலைவருக்கும், கைவலிக்க நின்ற கடை அக்காவுக்கும், குழந்தைகள் அழுதபோதும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், கால் கடுக்க நின்ற பெரியவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணே, நல்லபடியாகப் போய் வாருங்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் எல்லோருடைய அன்பையும் அதில் வைத்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.